சர்க்கரை நோயை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வேளச்சேரியிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகளுக்கு, மரபுவழிப் பண்புகளை ஒரு கட்டத்திலும் பெறப்பட்ட பண்புகளை மறு கட்டத்திலும் பிரித்து எழுதும்படி வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள். கண்ணின் நிறம், முழங்காலில் உள்ள தழும்பு, சைக்கிள் ஓட்டத் தெரிவது ஆகியவற்றைத் தயக்கமின்றி எழுதிவிட்ட அவள், கைரேகை, உயரம், பாட்டுத் திறமை, சர்க்கரை நோய் என்ற நான்கில் வந்து நின்றுவிட்டாள். தந்தைக்கும் விடை தெரியவில்லை. அவருடைய அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சர்க்கரை நோய் உண்டு. அவருக்கு வயது 41, பழைய மகாபலிபுரம் சாலையில் நாள் முழுவதும் உட்கார்ந்து பார்க்கும் வேலை, உடற்பயிற்சி இல்லை, இடுப்புச் சுற்றளவு 96 சென்டிமீட்டர். "எனக்கும் வரும் என்பது முன்பே எழுதப்பட்டுவிட்டதா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

ஐயா, உங்கள் மகள் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றிருக்கிறாள். அந்த நான்கும் எந்தக் கட்டத்திலும் முழுதாக அடங்காதவை. அவை ஏன் அடங்குவதில்லை என்பது விளங்கிவிட்டால் உங்கள் சொந்தக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். நான் பல ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவள். குரோமோசோம் படத்தைப் பிழையின்றி வரையும் மாணவர்கள்கூட இந்த ஒரு பிரிவினையில் இடறுவதைக் கண்டிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மூக்கு வருவதில்லை, குரல் வருவதில்லை, நோயும் வருவதில்லை. தாயின் முட்டையிலிருந்து, மரபணுக்களைச் சுமக்கும் 23 குரோமோசோம்களும் தந்தையின் விந்தணுவிலிருந்து 23 குரோமோசோம்களும் வருகின்றன. அவற்றோடு, தாயின் முட்டையிலுள்ள, உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவின் சிறிதளவு டி.என்.ஏ.வும் சேர்கிறது. எந்தப் புரதத்தை, உடலின் எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், எவ்வளவு செய்வது என்பது அங்கேதான் பொதிந்திருக்கிறது. அதைக் கொண்டு, கிடைக்கின்ற உணவையும் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் பழக்கத்தையும் வைத்து, உடல் தன்னைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. நாம் பண்பு என்று பெயரிட்டு அழைப்பது அந்த உருவாக்கத்தின் முடிவில் வெளியே தெரிவதைத்தான். ஆகவே மரபணுவின் பங்கே இல்லாத பண்பும் கிடையாது, சூழலின் பங்கே இல்லாத பண்பும் கிடையாது. முழங்கால் தழும்பைக்கூட எடுத்துக்கொள்ளுங்கள். விழுந்தது தற்செயல், ஆனால் காயம் ஆறும்போது சிலருக்கு மெல்லிய கோடாகவும் சிலருக்குத் தடித்த மேடாகவும் ஆறுவதில் குடும்ப மரபுக்கும் இடமுண்டு.

பாடப்புத்தகத்தில் இந்த இரண்டு கட்டங்களும் இவ்வளவு தெளிவாகத் தெரிவதற்குக் காரணம், மரபியலுக்கு அடித்தளமிட்ட துறவி மெண்டல் தேர்ந்தெடுத்த பட்டாணிகள். இன்று செக் குடியரசில் உள்ள பர்னோ நகரத்து மடாலயத் தோட்டத்தில், 1856 முதல் 1863 வரை ஏறத்தாழ 28,000 செடிகளை வளர்த்துப் பார்த்த அவர், நெட்டை அல்லது குட்டை, உருண்டை அல்லது சுருக்கம் என்று இரண்டில் ஒன்றாக மட்டுமே வரும் ஏழு பண்புகளைத் தேடி எடுத்துக்கொண்டார். அந்தத் தேர்வுதான் அவருடைய மேதைமை. இடைப்பட்ட அளவுகளில் வரும் பண்புகளைத் தொட்டிருந்தால் கணக்குப் புலப்பட்டிருக்காது. ஆனால் அவர் ஒதுக்கிவைத்த வகையைச் சேர்ந்தவைதான் மனிதரிடம் நாம் அக்கறையோடு கவனிக்கும் பண்புகளில் பெரும்பாலானவை. மெண்டலிலிருந்து பாடத்தைத் தொடங்குவது சரி. அங்கேயே நின்றுவிட்டால் உலகமே பட்டாணித் தோட்டம் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள்.

பெறப்பட்ட பண்பு என்ற கட்டத்தைப் பற்றி ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: வாழ்நாளில் உடலில் ஏற்படும் மாற்றம் பிள்ளைக்குப் போவதில்லை. இதற்கு நம் வீடுகளைவிடப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. என் பாட்டி திருநெல்வேலிப் பக்கத்தவர். பாம்படத்தின் கனத்தில் அவருடைய காதுமடல் தோளைத் தொடும். அவருடைய தாயாருக்கும், தாயாரின் தாயாருக்கும் அப்படியேதான். இத்தனை தலைமுறை காது வளர்த்த குடும்பத்தில் பிறந்தும், என் அம்மாவின் காது பிறந்தபோது துளையில்லாமல், மற்ற எந்தக் குழந்தையின் காதையும் போலச் சிறியதாகத்தான் இருந்தது. நூற்றாண்டுகளாகக் குத்தி வந்த பிறகும் ஒவ்வொரு குழந்தையையும் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து நாம் புதிதாகத்தான் காது குத்த வேண்டியிருக்கிறது. ஜெர்மானிய விலங்கியலாளர் ஆகஸ்ட் வைஸ்மான் 1880களில் எலிகளின் வாலை வெட்டி இதையே சோதித்தார். ஐந்து தலைமுறைகளில் பிறந்த 901 குட்டிகளில் ஒன்றுகூட வாலில்லாமல் பிறக்கவில்லை. விலங்குகளில் முட்டையையும் விந்தணுவையும் தரப்போகும் உயிரணுக்கள் கரு வளர்ச்சியின் தொடக்கத்திலேயே தனியே பிரிந்துவிடுகின்றன. காதில் விழுந்த துளையோ கையில் ஏறிய தசையோ அங்கே செய்தி அனுப்ப வழியில்லை. 1809இல் பெறப்பட்ட பண்புகள் மரபாகும் என்று எழுதிய லாமார்க்கை இதற்காகக் கேலி செய்வது வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை. அவர் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். பின்னால் வந்த டார்வினும் அந்த நம்பிக்கையை விடவில்லை.

தாவரங்களில் அந்தப் பிரிவினை இவ்வளவு இறுக்கமானதன்று. ஒரு கிளையின் மொட்டில் மரபணு மாற்றம் நேர்ந்தால், அந்தக் கிளை பூத்துக் காய்க்கும்போது விதைக்குள்ளும் அது போகக்கூடும். ஆனால் உரமும் நீரும் தந்த கொழுமை அங்கும் விதைக்குள் போவதில்லை. பெரிய பழமாகப் பொறுக்கி அதன் கொட்டையை நட்டால் அதே பழம் வரும் என்று நம்பி மல்கோவாவை ஊன்றியவர்கள் பலர் ஏமாந்திருப்பார்கள். கொட்டையில் இருப்பது இரு பெற்றோரின் புதிய கலவை. தாய்மரத்தின் பழமே வேண்டுமென்றால் அதன் குச்சியையே எடுத்து ஒட்டுக்கட்ட வேண்டும் என்பதைத் தோட்டக்காரர்கள், மரபணு என்ற சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள்.

இனி கைரேகைக்கு வருகிறேன், ஏனென்றால் மிகப் பரவலான ஒரு குழப்பத்தை அது தீர்த்துவைக்கும். பிறவியிலேயே இருப்பது என்பதும் மரபுவழி வந்தது என்பதும் ஒன்று என்று நாம் எண்ணுகிறோம். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு டி.என்.ஏ. ஏறத்தாழ முழுதும் ஒன்றே. எனினும் அவர்களுடைய கைரேகைகள் வேறுவேறு. ரேஷன் கடையில் உள்ள கருவி அண்ணனையும் தம்பியையும் பிரித்தறிவது அதனால்தான். வளையமா சுழியா என்ற பொது அமைப்பில் மரபுக்குப் பங்குண்டு. ஆனால் கோடுகள் எங்கே பிரிகின்றன, எங்கே முடிகின்றன என்பது, கருவின் நான்காம் மாதத்தை ஒட்டி அந்த விரல்நுனி எவ்வளவு அழுத்தத்தில், எந்த வேகத்தில் வளர்ந்தது என்பதைப் பொறுத்தது. பிறக்கும்போதே இருக்கிறது, சாகும்வரை மாறுவதில்லை, ஆயினும் முழுக்கப் பெற்றோரிடமிருந்து வந்ததன்று.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. இதனால் தாய்மார்கள் மீது பழி விழுந்திருக்கிறது. செவித்திறன் இன்றியோ கண்ணில் புரையுடனோ ஒரு குழந்தை பிறந்தால் "யார் வழியில் வந்தது?" என்று இரு வீட்டாரும் ஒருவரையொருவர் பார்க்கும் காட்சியை நான் நேரில் கண்டிருக்கிறேன். கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா என்ற அம்மை வந்தால், எந்த மரபணுவிலும் குறையில்லாத குழந்தையும் அப்படிப் பிறக்கலாம் என்பதை ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941இல் எடுத்துக்காட்டினார். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பெரிய அளவில் போடப்பட்ட தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி இதைத் தடுப்பதற்கும் சேர்த்துத்தான். இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. மூளையின் நரம்பணுக்களைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய் முற்றிலும் மரபணுவால் வருவது. ஆனால் பிறவியில் அதன் சுவடே தெரியாது, பெரும்பாலும் முப்பது வயதுக்கு மேல்தான் தலைகாட்டும்.

வளைகாப்பு வீடுகளில் குங்குமப்பூப் பாலை மறக்காமல் கொடுப்பவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. குழந்தையின் தோல் நிறத்தைப் பல மரபணுக்கள் வகுக்கின்றன, பின்னர் வெயில் சற்றே கூட்டுகிறது. தாய் அருந்தும் எதுவும் அதை மாற்றாது. கருவின் முதுகுத்தண்டும் மூளையும் குறையின்றி அமைய உதவும் ஃபோலிக் அமிலம் என்ற சிறிய மாத்திரையைக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே கொடுப்பதில் அந்த அக்கறையைச் செலுத்துங்கள். நிறத்தைப் பற்றிய கவலை ஒரு பெண்ணின் கர்ப்ப காலத்தின் மீது ஏற்றப்பட வேண்டியதே இல்லை.

மரபு வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கவும் செய்யும். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இரண்டு பிரதிகளும் சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும் ஒடுங்கு மரபணு ஒன்றை, ஒரு பிரதியாக மட்டும் சுமப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. அதே மாற்றத்தைச் சுமக்கும் இன்னொருவரை மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு பிரதிகளும் சேர்ந்துவிடும். முறைமாமனையும் அத்தை மகனையும் மணக்கும் நம் வழக்கம் இங்கேதான் பொருட்படுத்த வேண்டியதாகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் உறவுக்குள் மணந்தவர்கள். அத்தை மக்கள், மாமன் மக்கள் மணத்தில் பிறக்கும் பிள்ளையின் மரபணு இணைகளில் சராசரியாக 16இல் ஒன்றில், இரு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்தவையாக இருக்கும். தாய்மாமனை மணந்தால் அது 8இல் ஒன்றாகிறது. பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதும் உண்மை, செவித்திறன் குறைபாடு போன்றவை இந்த வழியில் கூடுகின்றன என்பதும் உண்மை. திருமணம் பேசும்போதே மரபியல் ஆலோசனை பெறுவதை வெட்கமாகக் கருதத் தேவையில்லை.

அப்படி இரண்டு பிரதியும் சேர்ந்துவிட்டால் கதை முடிந்துவிடுமா? இல்லை என்பதற்கு ஃபீனைல்கீட்டோனூரியா என்ற நோயைக் காட்டலாம். நார்வே மருத்துவர் ஃபோலிங் 1934இல் கண்டறிந்த அந்த நோயில், உணவுப் புரதத்திலுள்ள ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும் நொதி குழந்தைக்குச் சரிவர இராது. அது உடலில் தேங்கி மூளையைக் கெடுக்கும். முழுக்க முழுக்க மரபு நோய். ஆனால் பிறந்த சில நாட்களிலேயே ஒரு சொட்டு இரத்தத்தில் கண்டுபிடித்து, அந்த அமினோ அமிலம் குறைந்த உணவிலேயே வளர்த்தால், அந்தக் குழந்தை மற்றப் பிள்ளைகளோடு பள்ளிக்குப் போகும். மரபணு மாறவில்லை, தட்டில் இருப்பது மாறியது. மரபு என்றால் மாற்ற முடியாதது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் இந்தக் குழந்தைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

விடுமுறை நாளில் உங்கள் மகளை வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1976இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய அந்த இடத்தில் இந்தப் பாடத்தின் மிக அழகான பக்கம் கிடக்கிறது. மனிதரில் ஆணா பெண்ணா என்பதை எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் தீர்மானிக்கின்றன. முதலைக்கு அத்தகைய குரோமோசோம்களே கிடையாது. முட்டை புதைந்திருக்கும் மண்ணின் வெப்பமே தீர்மானிக்கிறது. சதுப்புநில முதலையின் முட்டைகளைக் கொண்டு அங்கே செய்யப்பட்டு 1989இல் வெளியான ஆய்வில், 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரையிலான நிலையான வெப்பத்தில் பெண்குஞ்சுகள் மட்டுமே பொரிந்தன, 32.5 டிகிரியில் ஆண்குஞ்சுகள் மட்டுமே. அதற்குச் சற்று மேலும் கீழும் இரண்டும் கலந்து வந்தன. பெசன்ட் நகர் முதல் நீலாங்கரை வரையிலான கடற்கரையில் ஏறி முட்டையிடும் பங்குனி ஆமைகளுக்கும் இப்படித்தான், ஆனால் அங்கே மணல் சூடேறினால் பெண் கூடுகிறது. 1988 முதல் தைமாதத்து இரவுகளில் அந்த முட்டைகளைத் தேடி நடந்து, பாதுகாப்பான பொரிப்பகத்துக்குக் கொண்டு சேர்க்கும் மாணவர்கள், குஞ்சுகளின் பாலினத்தையும் சேர்த்தே கையில் தாங்கிச் செல்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. ஆண்மையும் பெண்மையும் மரபுவழிக் கட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவோம். முதலையைப் பொறுத்தவரை தாயிடமிருந்து வருவது ஆண் என்ற முடிவோ பெண் என்ற முடிவோ அன்று. வெப்பத்துக்கு இன்னவாறு மறுமொழி தா என்ற இயல்பு.

உயரத்துக்கும் அதையே சொல்லலாம். நன்றாக உண்டு வளர்ந்த மக்களிடையே ஒருவருக்கொருவர் உயரம் வேறுபடுவதில் ஏறத்தாழ 80 விழுக்காடு மரபு வேறுபாட்டால் என்று ஆய்வுகள் கூறுகின்றன. இதைப் படித்துவிட்டு, என் உயரத்தில் 80 விழுக்காட்டை மரபும் மீதியைச் சாப்பாடும் தந்தன என்று பொருள் கொள்பவர்கள் மிகப் பலர். அந்த எண் ஒரு தனி மனிதரைப் பற்றியதே அன்று. ஒரு கூட்டத்தில் ஒரு காலத்தில் காணப்படும் வேறுபாட்டைப் பற்றியது. எல்லோருக்கும் ஒரே அளவு உணவு கிடைத்தால், மிஞ்சும் வேறுபாடு மரபால்தான் இருக்க முடியும், ஆகவே எண் ஏறும். சிலருக்குப் பாலும் சிலருக்குப் பட்டினியும் என்றால் அதே எண் இறங்கிவிடும். 1896இல் பிறந்த தென்கொரியப் பெண்களைவிட 1996இல் பிறந்தவர்கள் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயரமானவர்கள். நூறு ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணுக்கள் அவ்வளவு மாறிவிடுவதில்லை. சோறும் சுத்தமான நீரும் மருத்துவமும் மாறின. இன்றும் அங்கே உயரமான தாயின் மகள் தன் தோழிகளைவிட உயரமாகத்தான் இருப்பாள். ஆனால் தோழிகள் அனைவரும் தத்தம் பாட்டிகளைவிட உயர்ந்துவிட்டார்கள். இரண்டும் ஒரே வேளையில் உண்மை.

பாட்டுத் திறமை. சென்னையின் வேப்ப மரங்களில் காக்கைக் கூட்டில் வளரும் குயில்குஞ்சை எல்லோரும் பார்த்திருக்கலாம். காக்கை ஊட்டி வளர்த்தும், பருவம் வந்ததும் அது கூவத்தான் செய்கிறது. வளர்த்தவளிடம் கரையக் கற்றுக்கொள்வதில்லை. எல்லாப் பறவைகளும் அப்படியல்ல. 1950களில் கேம்பிரிட்ஜில் வில்லியம் தார்ப், சாஃபிஞ்ச் என்ற சிறு பாடும் பறவையின் குஞ்சுகளைத் தனிமையில் வளர்த்தபோது, மூத்த பறவைகளின் பாட்டைக் கேட்காத அவை குறைப்பட்ட பாட்டையே பாடின. மனிதர்கள் இந்த விஷயத்தில் குயிலைவிடச் சாஃபிஞ்சுக்கு நெருக்கமானவர்கள். மொழி கற்கும் ஆற்றலோடு பிறக்கிறோம், எந்த மொழி என்பது காதில் விழுவதைப் பொறுத்தது. தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து பாரிஸில் பிரெஞ்சுக் குடும்பத்தில் வளரும் குழந்தையின் நாவில் ழகரம் தானாக வந்து உட்காராது. குரல்நாணின் அமைப்பிலும் சுருதி பிரித்தறியும் கூர்மையிலும் மரபு ஓரளவு பங்கு பெறுகிறது என்றாலும், நாகஸ்வரக்காரர் வீட்டுக் குழந்தை தொட்டிலிலிருந்தே கேட்கும் ராக ஆலாபனையை எந்தக் குரோமோசோமும் சுமந்து வருவதில்லை. அந்த வீடு பிள்ளைக்கு மரபணுவையும் தருகிறது, ஓசையையும் தருகிறது, நான்கு வயதில் கையில் சீவாளியையும் தருகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் மூன்றையும் சேர்த்து "இரத்தத்திலேயே ஊறியது" என்கிறார்.

அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் ஒரு வரலாறு உண்டு என்பதால் அதைக் கடந்து போக எனக்கு மனமில்லை. 1953இல் சென்னை மாநில முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப்புறப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றது. எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. உயிரியல் ஆசிரியராக நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: தறிக்கும் சக்கரத்துக்கும் மரபணு கிடையாது. ஒரு தொழில் பிறப்பில் வருவதாக இருந்தால் அதைப் பழக்குவதற்கு நேரம் ஒதுக்க வேண்டிய தேவையே எழுந்திருக்காது. குடும்பத்துக்குள் கைமாறுவதெல்லாம் உயிரணு வழியாகக் கைமாறுவதாகக் கொள்ளும் பிழை, வீட்டுப்பாடத்தில் ஒரு மதிப்பெண்ணைத்தான் எடுக்கும். சமூகத்தில் அது பிள்ளைகளின் வாழ்நாளையே எடுத்திருக்கிறது.

இப்போது சர்க்கரை நோய். இங்கே நான் பேசுவது இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைப் பற்றி. குடும்பத்தில் அது தொடர்ந்து வருவது கண்கூடு. ஒரு கரு இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு, இரு கரு இரட்டையரில் உள்ளதைவிட அதிகம். ஆகவே மரபின் பங்கை மறுப்பதற்கில்லை. ஒற்றை மரபணுவாக அன்றி, ஒவ்வொன்றும் சிறிதளவே தள்ளும் ஏராளமான மரபணு வேறுபாடுகளாக அது வருகிறது. ஆனால் தாத்தா, அப்பா, நீங்கள் என்று மூன்று தலைமுறைக்கும் பொதுவாக இருப்பது டி.என்.ஏ. மட்டுமன்று. ஒரே சமையற்கட்டின் சோற்றளவும், மாலை ஆறு மணிக் காப்பியில் விழும் சர்க்கரையும், உழைப்பைவிட உட்காருதலை உயர்வாகக் கருதும் பார்வையும்கூடப் பொதுவாக இருந்திருக்கலாம்.

சென்னை நகரத்தில் வயது வந்தோரிடையே சர்க்கரை நோய் 1989இல் 8.3 விழுக்காடாக இருந்து, 2004இல் 14.3 விழுக்காடாக உயர்ந்தது என்று இங்குள்ள ஆய்வாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். பதினைந்து ஆண்டுகளில் இந்த நகரத்து மக்களின் மரபணுக்கள் மாறிவிடவில்லை. நடையை வண்டி எடுத்துக்கொண்டது, வயல் வேலையிலிருந்து வந்தவர்களை நாற்காலி எடுத்துக்கொண்டது. முன்பு பெரும்பாலும் உறங்கிக் கிடந்த அதே மரபணு வேறுபாடுகள் விழித்துக்கொண்டன. 2023இல் வெளியான தேசிய ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது.

இதில் மரபுக்கும் வாழ்நாள் பழக்கத்துக்கும் இடையே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: கருப்பை. புனேயில் மருத்துவர் யாக்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்தபோது, அவர்களின் சராசரி எடை 2.7 கிலோ, ஒப்பிட்டுப் பார்த்த இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. தசையிலும் உறுப்புகளிலும் மெலிந்திருந்த இந்தியக் குழந்தைகள் தோலடிக் கொழுப்பில் மட்டும் அந்த அளவுக்கு மெலிந்திருக்கவில்லை. 1944-45 குளிர்காலத்தில் போர் முற்றுகையால் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தபோது கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதுக்கு மேல் சோதித்ததிலும், சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது தெரிந்தது. அவர்களில் சிலரிடம், மரபணு எழுத்து மாறாமலே அதன் செயல்பாட்டைக் கூட்டிக் குறைக்கும் வேதிக் குறிகள் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் வேறுபட்டிருந்தன. லாமார்க் திரும்பி வந்துவிட்டார் என்று இதைக் கொண்டு சிலர் முழங்குகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உங்கள் பாட்டியின் வயிற்றில் உங்கள் அம்மா கருவாக இருந்தபோதே, அம்மாவின் சூலகத்தில் பிற்காலத்தில் நீங்களாக ஆகப்போகும் முட்டையும் உருவாகத் தொடங்கிவிட்டது. பாட்டி பட்ட பசி மூன்று தலைமுறையை ஒரே வேளையில் நேரடியாகத் தொட்டது. அது மரபாகக் கடந்து சென்றதற்குச் சான்றாகாது. இருந்தும், பெண் குழந்தைகளும் இளம் பெண்களும் கடைசியாகச் சாப்பிடும் வழக்கத்தை ஒழிப்பதற்கு இதைவிட வலுவான காரணத்தை நான் அறியேன்.

சரி, எழுதப்பட்டுவிட்டதா என்ற உங்கள் கேள்வி. மருத்துவர் இராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து 2006இல் முடிவு வெளியான இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், நோயின் வாசலில் நின்றிருந்த 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்துக் கவனித்தார்கள். வழக்கமான பொது அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் மூன்று ஆண்டுகளில் 55 விழுக்காட்டினர் நோயாளிகள் ஆனார்கள். உணவையும் நடையையும் தொடர்ந்து கண்காணித்து மாற்றிய குழுவில் அது 39.3 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். பழக்கத்தை மாற்றியவர்களிலும் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேருக்கு நோய் வந்தது, ஆகவே நோய் வந்த எவரையும் பார்த்து நீ சோம்பேறி என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் அதே மரபணுக்களோடு நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல் கூடுதலாக அந்த மூன்று ஆண்டுகளில் வாசலைத் தாண்டாமல் நின்றார்கள்.

உங்களுக்கே பொருத்திப் பார்க்க ஒரு கணக்கும் இங்கே இருக்கிறது. மருத்துவர் மோகன் குழுவினர் சென்னை மக்களிடம் திரட்டிய தரவைக் கொண்டு 2005இல் வெளியிட்ட இந்தியச் சர்க்கரை நோய் அபாய மதிப்பெண்ணில் மொத்தம் 100. வயதுக்கு அதிகபட்சம் 30, உடலுழைப்பின்மைக்கு 30, இடுப்புச் சுற்றளவுக்கு 20, குடும்ப வரலாற்றுக்கு 20. அம்மா, அப்பா இருவருக்கும் நோய் இருந்தால்தான் அந்த 20. ஒருவருக்கு மட்டும் என்றால் 10. தாத்தாவுக்கு மதிப்பெண் இல்லை. இது யாருக்கு முதலில் இரத்தப் பரிசோதனை தேவை என்று கண்டறியும் கருவிதான், நோயின் காரணங்களைப் பங்கு பிரிக்கும் தராசு அன்று என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கூட்டுங்கள். 35 முதல் 49 வரையிலான வயதுக்கு 20, ஆண்களில் 90 முதல் 99 சென்டிமீட்டர் வரையிலான இடுப்புக்கு 10, உடற்பயிற்சியற்ற உட்கார்ந்த வேலைக்கு 30, தந்தைக்காக 10: மொத்தம் 70. 60ஐத் தொட்டாலே அதிக அபாயம். எனவே இந்த வாரமே வெறும் வயிற்றில் ஒரு முறையும், மருத்துவர் சொல்லும் முறைப்படி குளுக்கோஸ் அருந்திய பின் ஒரு முறையும் இரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். இடுப்பு 90க்குக் கீழே வந்து, தவறாத உடற்பயிற்சியும் சேர்ந்தால் அதே கூட்டல் 50 ஆகிவிடும்; வேலை உட்கார்ந்ததாகவே இருப்பதால் உடலுழைப்பின்மையின் 30 என்பது 20 ஆகத்தான் இறங்கும். அந்த 50இல் வயதின் 20ஐயும் தந்தையின் 10ஐயும் உங்களால் தொட முடியாது.

உங்கள் மகளின் தாளில் சர்க்கரை நோயை இரண்டு கட்டங்களுக்கும் நடுவிலுள்ள கோட்டின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். உயரத்தையும் பாட்டையும் அங்கேயே எழுதலாம். கைரேகைக்குப் பக்கத்தில் மட்டும் "கருப்பையில்" என்று ஒரு சொல் சேர்க்கட்டும். ஆசிரியர் ஏன் என்று கேட்டால், முதலை முட்டையிலிருந்து அவள் விளக்கத் தொடங்கலாம்.